பரணில் கிடந்த ஓவியம் மஞ்சளாகிவிட்டது: கழுவக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மாமனார் வாங்கிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பித்தளைச் செம்பு, நான்கு மாம்பழங்கள், அடியில் வெள்ளைத் துணி. பல வருடங்கள் பரணில் சுற்றி வைத்திருந்தோம். இப்போது வெள்ளைத் துணி மஞ்சளாகத் தெரிகிறது. ஃபிரேம் கடைக்காரர், கழுவி எண்ணெய் தடவினால் புதிதாகிவிடும் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. பணம் செலவில்லாத வேலை ஒன்று முதலில் இருக்கிறது. இந்த வண்ணங்களைப் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயில்தான் குழைப்பார்கள். அந்த எண்ணெய் இருட்டில் கிடந்தால் மஞ்சளிக்கும். வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் பெருமளவு தானே குறையும். எனவே இன்றைக்கு ஒரு புகைப்படம் எடுத்துவிட்டு, நேர்வெயில் படாத, ஆனால் பகலில் நல்ல வெளிச்சமுள்ள சுவரில் சில வாரங்கள் மாட்டி வையுங்கள். பிறகு புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் பழைய வார்னிஷோ விளக்குப் புகையோ காரணமாக இருக்கலாம். அது நீங்களோ கடைக்காரரோ கை வைக்கும் விஷயம் அல்ல.

எண்ணெய் தடவினால் அன்றைக்குப் பளபளக்கும், உண்மைதான். காசு வாங்க அது போதும். ஆனால் அந்த எண்ணெய் விரிசல்களுக்குள் இறங்கி, நாளடைவில் கருத்து, பிறகு யாராலும் எடுக்க முடியாதபடி இறுகிவிடும். தண்ணீரும் அப்படித்தான். கித்தானுக்கும் வண்ணத்துக்கும் நடுவே பசைப் பூச்சு இருக்கும். ஈரம் பட்டால் அது ஊதி, மேலே உள்ள வண்ணம் பெயரும். கடைக்காரர் பஞ்சால் துடைத்து, "பாருங்கள், எவ்வளவு அழுக்கு!" என்று பழுப்பைக் காட்டுவார். மாம்பழத்தின் அடியில் ஓவியர் மெல்லிதாகப் பூசிய நிழலும் பழுப்புதான்! அது போனால் பழம் துணியின் மேல் உட்காராது, அந்தரத்தில் தொங்கும். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். ஒட்டிக்கொள்ளும் மாவு பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் தீனி.

பிறகு யாரிடம் போவது என்பீர்கள். நம் ஊரில் யார் வேண்டுமானாலும் ஓவியம் புதுப்பிக்கப்படும் என்று பலகை மாட்டலாம், கேட்பாரில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் மாவட்டத்துக்கு ஒருவரைக் கைகாட்ட முடியாத நிலைமை! யாரிடம் போனாலும், எந்தக் கரைப்பானைப் பயன்படுத்துவார் என்று எழுதி வாங்குங்கள். முதலில் ஓரத்தில் நகக்கண் அளவு மட்டும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவும் வண்ணம் உறுதியாக இருந்தால்தான். சுவரில் மாட்டுவதற்கு முன் இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். செதில்கள் எழும்பி நிழல் விழுந்தால் மாட்டவே கூடாது. வண்ணப் பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் படுக்கப் போடுங்கள். மேலே துணியோ பிளாஸ்டிக்கோ படக்கூடாது. பட்டால் செதில் அதோடு வந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். விழுந்த துகள்களைப் பெருக்கித் தள்ளாமல், எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதிக் காகித உறையில் போடுங்கள். வீட்டிலிருக்கும் பசையால் நீங்களே ஒட்டப் பார்க்காதீர்கள். ஆட்டோவில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எங்கும் எடுத்துப் போகவும் வேண்டாம். இந்த வேலை தெரிந்த ஒருவரை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டுங்கள்.