சமையலறைச் சுவரைத் தள்ளிக் கட்ட எவ்வளவு ஒதுக்குவது?

வணக்கம் அண்ணா. வெள்ளவத்தையிலுள்ள பழைய வீட்டில் சமையலறைக்கும் ஹோலுக்கும் இடையிலுள்ள சுவரை நான்கு அடி தள்ளிக் கட்ட எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சுவரின் தடிப்பை அளந்து பாருங்கள். பூச்சோடு 10 அங்குலம் வந்தால் அது 9 அங்குலச் சுவர். மேல்மாடியைத் தாங்கிக்கொண்டு நிற்கக்கூடும். மெல்லிய சுவர் என்றாலும் சரி, பொறியியலாளர் பார்க்காமல் ஒரு கல்லையும் எடுக்க விடாதீர்கள். பீம் போட வேண்டி வந்தால் கணக்கே மாறிவிடும். மாநகர சபை அனுமதி பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

மேசன் சொல்லும் தொகையில் பெரும்பாலும் இடிப்பதும் கட்டுவதும்தான் இருக்கும். இடித்ததை ஏற்றும் லொறிக்கூலி சேர்ந்ததா என்று கேளுங்கள். 10க்கு 10 அடி, நாலரை அங்குலச் சுவர் உடைத்த பிறகு அரைக் கியூப்புக்கு (ஒரு கியூப் என்பது 100 கன அடி) மேல் இடிபாடு வரும். வயரிங், குழாய் வேலை வேறு.

எங்கள் வீட்டில் செலவை இழுத்தது தரைதான். சுவர் நின்ற இடத்தில், சிவப்புச் சீமெந்துத் தரைக்கு நடுவே, ஒரு சாண் அகலத்தில் வெறும் கல் தெரிந்தது. அதே சிவப்பு எவ்வளவு முயன்றும் அமையவில்லை. கடைசியில் ஹோல் முழுக்க டைல்ஸ் பதித்தோம். தரையை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். அப்புறம், மொத்தத்துக்கு மேல் 20 வீதம் தனியாக எடுத்து வையுங்கள்.