பாலத்தின் அடியில் யார் மண்டகப்படி?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கட்டடக்கலை படித்துவிட்டு மதுரையிலேயே வேலை பார்க்கிறேன். எங்கள் பகுதி ரயில்வே மேம்பாலத்தின் அடியில் ஒரு பெரிய இடம் சும்மா கிடக்கிறது. பழைய டயர், ஓடாத ஆட்டோ, ராத்திரியானால் குடிக்க வருகிறவர்கள். நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து அங்கே தூண்களிலும் சுவர்களிலும் ஓவியம் வரைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பறை, பாட்டு, சாப்பாட்டுக் கடைகள் என்று விழா நடத்தத் திட்டம் போட்டிருக்கிறோம். கொலம்பியாவில் மெடலின் நகரத்தின் 'கொமூனா 13' பகுதியைச் சுவர் ஓவியங்கள் மாற்றிவிட்டன என்று படித்ததிலிருந்து வந்த ஆசை இது. சென்னையில் கண்ணகி நகரும் இருக்கிறது. ஆனால் வீட்டில் அப்பா, "சாக்கடை அடைச்சுக் கிடக்கு, அதுக்கு வழியக் காணோம், செவுத்துக்குப் பெயிண்டா?" என்கிறார். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அழகுபடுத்துவது ஏமாற்று வேலையா, அக்கா?

ர., மதுரை

*

அன்புள்ள தம்பி,

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அவருக்குப் பதில் சொல்லி வாயடைக்க முயல வேண்டாம். உங்கள் குழுவில் எட்டாவது ஆளாக அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணகி நகருக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். கூவம், அடையாறு கரைகளிலும் மற்ற இடங்களிலும் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கே வாழ்ந்தவர்களை 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் அது. ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து கொஞ்ச தூரம்தான். 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று பிள்ளைகள் வேறு முகவரி கொடுத்த காலம் உண்டு. 2020-இன் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியங்கள் வரைந்தார்கள். ஒரு கட்டடத்தின் முழு உயரத்துக்கு ஒரு முகம். கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது முறை போனபோது, மாவு அரைத்து விற்கும் ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "முன்னாடி ஆட்டோக்காரங்க உள்ள வர மாட்டேன்னுவாங்க. இப்ப படம் போட்ட பில்டிங்குன்னு சொன்னா வந்துடறாங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "வீட்டுக்குள்ள ஒழுகறது மட்டும் அப்படியேதான் இருக்கு" என்றார். இரண்டும் உண்மை. முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையில் பேசுகிறவர்களையும் எனக்குத் தெரியும், இரண்டாவதை மட்டும் சொல்லி ஓவியமே வேண்டாம் என்பவர்களையும் தெரியும். வெளியிலிருந்து வருகிறவன் தன் தெருவை எப்படிப் பார்க்கிறான் என்பது, அந்தத் தெருவில் வாழ்கிறவளுக்கு ஒழுகும் கூரை அளவுக்கே வலிக்கிற விஷயம். அதைச் சின்ன விஷயமாக நினைக்க என்னால் முடியவில்லை.

ஆனால் கண்ணகி நகரின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது சுவரே இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றதே, அதில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். தமிழ்நாடே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றுதான் சொன்னது. ஊர்ப் பெயரை மறைத்து முகவரி எழுதிய இடத்தில், ஊர்ப் பெயர் ஒரு பெண்ணுக்கு முதலெழுத்து மாதிரி ஆகிவிட்டது. ஒரு கபடிக் குழு என்றால் நாள் தவறாமல் பயிற்சி. பார்க்கிறவர்கள் சுற்றி நிற்பார்கள். நின்றால் பேச்சு, பேச்சு வந்தால் சுண்டல் வண்டி. ஒரு இடம் உயிரோடு இருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

மெடலினிலும் கதை இப்படித்தான். 2002-இல் ராணுவம் புகுந்து சுட்ட பகுதி கொமூனா 13. அந்த மலைச்சரிவில் ஏற முடியாமல் தவித்த மக்களுக்காக 2011-இல் திறந்தவெளி எஸ்கலேட்டர் போட்டார்கள். அந்தத் தெருக்களின் பிள்ளைகள் அதற்கும் முன்பிருந்தே ராப் பாடினார்கள், சுவரில் வரைந்தார்கள். இன்று வருகிற பயணிகளை ஒவ்வொரு சுவராக நிறுத்திக் கதை சொல்லிக் கூட்டிப்போகிறவர்களும் அவர்களே. படி ஏற வழியும் வந்தது, சொல்ல ஆளும் இருந்தது. நமக்கு வந்து சேரும் போட்டோவில் சுவர் மட்டும்தான் தெரிகிறது.

அதே கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவைப் பாருங்கள். 1974-இல் தொடங்கி, இப்போது ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலையை வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். சைக்கிள், நடை, ஓட்டம், பழச்சாறு, பூங்காவில் கூட்டமாக உடற்பயிற்சி. அதற்கு ஒரு டப்பா பெயிண்ட் தேவைப்படவில்லை. வரும் ஞாயிறும் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அது போதும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்னையில் நான் குடியிருந்த பகுதியில் ஒரு பாலத்தின் அடியில் நாங்களும் இதைச் செய்தோம். மூன்று வாரம் வரைந்தார்கள். மீன், படகு, கோலம் என்று பார்க்கவே ஆசையாக இருந்தது. திறப்பு நாளில் நல்ல கூட்டம். அடுத்த மாதம் ஓவியத்தைப் 'பாதுகாக்க' இரும்பு வேலி வந்தது. பத்து வருடமாக அங்கே நின்ற இஸ்திரி வண்டிக்காரரையும் இளநீர்க்காரரையும் கிளப்பிவிட்டார்கள். அவர்கள் இருந்தவரை ராத்திரி ஒன்பது மணிக்கும் அந்த வழியாகப் பெண்கள் பயமில்லாமல் நடந்தோம். வேலி வந்த பிறகு சுற்றிக்கொண்டு போனோம். அந்த வேலையில் என் கையும் இருந்தது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை. அதனால் உங்களிடம் முதலில் கேட்பது இதுதான்: அந்தப் பாலத்தின் அடியில் இப்போது யார் இருக்கிறார்கள்? டயர், ஆட்டோ, குடிக்கிறவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில்? காலை ஆறு மணிக்கு? ஒரு வாரம் வெவ்வேறு நேரத்தில் போய் உட்காருங்கள். டீ விற்கும் அக்கா ஒருவராவது இருப்பார். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் ஒரு கோடுகூடப் போட வேண்டாம்.

அப்புறம் ஒன்று. நீங்கள் மதுரைக்காரர், இதற்கு மெடலின் வரை போக வேண்டியதே இல்லை. உலகத்தில் எத்தனை ஊர்களில் தெருவுக்கு மாதத்தின் பெயர் இருக்கிறது? ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. எந்த மாதம் எந்தத் தெருவில் விழா என்று ஊரின் வரைபடமே சொல்லும்படி கட்டிய நகரம். திருமலை நாயக்கர் மாசித் திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். இன்றும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. தேர் திரும்ப மூலையில் எவ்வளவு இடம் வேண்டும், வடம் பிடிக்கிறவர்கள் நிற்க எவ்வளவு அகலம் வேண்டும் என்பதெல்லாம் தெருவின் அளவிலேயே இருக்கிறது. கட்டடக்கலை படித்த நீங்கள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த மூலைகளை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மண்டகப்படி. அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வந்து திரும்பும் வழி முழுக்க நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பமோ ஒரு சமூகமோ ஒரு தொழில்காரர் கூட்டமோ பொறுப்பு. அந்த இடத்தில் அந்த நேரம் சாமியை வரவேற்பதும் பந்தல் போடுவதும் செலவும் அவர்களுடையது. பானகமும் நீர்மோரும் கொடுக்க ஆட்கள் தாங்களாக வருகிறார்கள். தாத்தா செய்தார், அப்பா செய்தார், இந்த வருடம் நாம். கள்ளழகர் வேடம் போட்டுத் தோல் பையால் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் நேர்த்திக்கடனாகத் தாங்களே வருகிறவர்கள். உயர்வு தாழ்வும் விலக்கலும் இந்த வரிசைக்குள் இருந்தன, இன்றும் பல ஊர்களில் மண்டகப்படி உரிமைக்குச் சண்டை நடக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். எல்லோருக்கும் இடம் இருக்கிற மாதிரி புதிதாகச் செய்யத்தான் உங்களைப் போன்றவர்கள் வேண்டும். பாலத்தின் அடியில் யாருக்கு மண்டகப்படி என்பதைத்தான் நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். எந்த வண்ணம் என்பது பிறகு.

அரசு ஆதரவோடு நடந்த நாட்டுப்புறக் கலை விழாவான சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கியபோது நான் பூங்கா பூங்காவாக அலைந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் தப்பாட்டத்துக்கு முன்னால் அசையாமல் நின்றதைப் பார்த்துக் கண் கலங்கியது. சில வருடங்களில் ஆட்சி மாறியது, விழாவும் நின்றது. மறுபடி 2023 பொங்கலுக்குத்தான் வந்தது. வந்ததில் மனம் நிறைந்த சந்தோஷம். ஆனால் மேலிருந்து வந்த விழா மேலே மாறியதும் நின்றுபோனது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஊரூர் ஆல்காட் குப்பத்து விழா வேறு மாதிரி. 2015-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் முதலானோர் அந்த மீனவ ஊரின் மக்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். கச்சேரியும் பறையும் கடற்கரைக் குப்பத்தில், மீன் வாசத்துக்கு நடுவில். எனக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தவர் பெசன்ட் நகரில் முப்பது வருடமாக இருக்கிறாராம். "இந்தத் தெருவுக்குள்ள இன்னைக்குத்தான் வர்றேன்" என்றார். பத்து நிமிட நடைதான். அன்று குப்பத்துக்காரர்கள் வீட்டுக்காரர்கள், நாங்கள் விருந்தாளிகள்.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். சுவரை விட்டுவிட்டுத் தேதியிலிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு பெரிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக, மாதத்துக்கு ஒரு சின்ன சாயங்காலம், ஒரு வருடம். மூன்றாவது மாதம் நாற்பது பேர்தான் வருவார்கள், கலங்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் ஒரு தெருவுக்கோ ஒரு கூட்டத்துக்கோ பொறுப்பு: ஆட்டோ ஸ்டாண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடம், மசூதித் தெரு, தூய்மைப் பணியாளர் குடியிருப்பு. என்ன நடத்துவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். கேரம் போட்டி என்றாலும் சரி.

எந்த மாதத்தில் தொடங்குவது என்று கேட்பீர்கள். புரட்டாசி. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி, பிறகு ஆடியில் வேலை இருக்கும். அதன் பிறகு தை வரும்வரை கோயில் விழாக்கள் குறைந்துவிடும், பலர் கூலி வேலைக்குப் போவார்கள். அந்த மாதங்களில் கூப்பிட்டால் அவர்களுக்கு அது சோறு. மழைக்காலமாயிற்றே என்று யோசிக்காதீர்கள், உங்களிடம்தான் பாலமே கூரையாக இருக்கிறது. பேசிய பணத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். கரகம் ஆடும் பெண்கள் துணி மாற்ற நான்கு பக்கமும் மறைத்த, விளக்குப் போட்ட ஓர் அறை வேண்டும். வேனுக்குப் பின்னால் சேலையைப் பிடித்துக்கொண்டு மாற்றியதை எத்தனையோ விழாக்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பார்க்க வரும் பெண்களுக்குக் கழிப்பறையும், முதியவர்களுக்கு முதுகு சாய்த்து உட்கார இடமும் வேண்டும். இதற்கெல்லாம் செலவழித்த பிறகு பணம் மிஞ்சினால் பெயிண்ட் வாங்குங்கள்.

பெயிண்ட் வாங்கும் நாளில், வெளியூர் ஓவியரைக் கூப்பிடும் முன் உங்கள் ஊர் போர்டு ஆர்ட்டிஸ்டுகளைத் தேடுங்கள். ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்பை இழந்தவர்கள். முப்பதடி பேனரில் முகத்தைக் கட்டம் போட்டு ஏற்றியவர்களுக்கு உங்கள் தூண் பெரிய விஷயமே இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அவர்களிடம் விடுங்கள், வெயிலிலும் மழையிலும் வண்ணம் மங்கும்போது அடுத்த பூச்சுக்கு ஆள் இருக்கும்.

அப்பாவுக்கு வருகிறேன். முதல் மாத மண்டகப்படியை அவரிடம் கொடுங்கள். அந்தச் சாயங்காலம் அங்கே கூடுகிறவர்கள் கையெழுத்துப் போட்டு, அடைத்த சாக்கடைக்கு மனு கொடுக்கட்டும். வார்டு கவுன்சிலரை விருந்தாளியாகக் கூப்பிட்டு அங்கேயே கையில் கொடுக்கலாம். மாதா மாதம் அதே இடத்தில் அதே ஆட்கள் கூடி, போன மாத மனு என்னாயிற்று என்று கேட்டால் அலுவலகத்தில் யாரும் எளிதாகத் தட்டிக்கழிக்க முடியாது. உங்கள் ஏழு பேரில் யாருக்கும் இது தோன்றியிருக்காது. அவருக்குத்தான் தோன்றியது.

தேதி முடிவானதும் எழுதுங்கள். முதல் நாள் நான் வருகிறேன், டீ அக்காவிடம் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
அக்கா