தீவுக்குப் போனவர்கள் ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறார்கள்?

சேலத்திலிருந்து தீவுகளுக்கு ஆட்களைக் கூட்டிப் போவது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அஸ்தம்பட்டி வாசகி: அண்ணா, டிசம்பரில் அந்தமானில் இருக்கும் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். ராதாநகர் கடற்கரைக்கு ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தால் இருட்டிவிட்டது. இதற்கா இவ்வளவு செலவு என்று வீட்டில் சண்டை.

கடல் மேல் தப்பில்லைங்க, கூட்டிப் போனவர் மேல்தான். அந்தமான் நமக்கு ஏறக்குறைய 15 டிகிரி கிழக்கே இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். ஆனால் கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். டிசம்பரில் நமக்கு 6 மணி வாக்கில் சாய்கிற பொழுது அங்கே 5 மணிக்கே சாய்ந்துவிடும். நான் மதியச் சாப்பாட்டை 12 மணிக்கே முடித்து, இரண்டரைக்கு மணலில் இறக்கிவிடுவேன். அதே கடற்கரை, அதே செலவு. ஒருவரும் சண்டை போட்டதில்லை.

ஆத்தூர் வாசகர்: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. அப்பாவுக்கு 68 வயது. அந்தமானுக்குக் கப்பலில் போகலாமா?

சென்னையிலிருந்து கப்பல் என்றால் சுமார் மூன்று நாள். வேண்டாம், விமானத்திலேயே போங்கள். மே மூன்றாம் வாரம் வாக்கில் பருவமழை கேரளாவுக்கு முன்னால் அந்தமானைத் தொட்டுவிடும். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையே படகு ஓடாது. அதனால் மே முதல் வாரமே கிளம்புங்கள். கடைசி இரவு ஹேவ்லாக்கில் வேண்டாம், விமான நிலையம் இருக்கும் போர்ட் பிளேரில் தங்குங்கள். விமானத்தைத் தவறவிட்டால், அதுவரை பார்த்ததெல்லாம் மனதில் நிற்காது.

ஏற்காட்டிலிருந்து, வீட்டில் அறை வாடகைக்கு விடுபவர்: எங்களுக்கும் குறைதான் வருகிறது. தீவுக்கு நீங்கள் சொல்வது மலைக்கும் பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும். எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் திருப்தியை முடிவு செய்கிறது என்று வாடிக்கையாளர் திருப்தியை ஆராய்ந்த ரிச்சர்ட் ஆலிவர் 1980-லேயே எழுதினார். நீங்கள் போட்டிருப்பது பனிமூட்டப் படம். வருகிறவர் மே மாத மத்தியானம் வருகிறார். மே மாதப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, வாந்தி எடுத்த குழந்தையோடு வாசலில் நிற்பவரிடம் முதலில் ஆதார் அட்டை கேட்காதீர்கள். எலுமிச்சை நீர் கொடுங்கள், அட்டையை அப்புறம் பார்க்கலாம்.

சூரமங்கலம் வாசகர்: மாலத்தீவு பேக்கேஜ் ஒன்று ரொம்ப மலிவாக இருக்கிறதே?

மாலே விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குப் போகும் செலவு அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கை வைப்பார்கள். கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் இறங்கினால் மாலே பக்கத்தில் ஒரு இரவு, அதற்குத் தனி வாடகை. உள்ளூர் மக்கள் வாழும் தீவில் தங்கினால் மலிவுதான், ஆனால் மது கிடையாது. நண்பர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்!

அம்மாபேட்டை வாசகர்: லட்சத்தீவுக்கு பாஸ்போர்ட் வேண்டுமா?

வேண்டாம். அனுமதிச் சீட்டு வேண்டும். கொச்சி வழியாகப் போகலாம்.

கொண்டலாம்பட்டி வாசகி: நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் சொல்லும் குறை எது?

சாப்பாடுதான். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, இட்லிக்குப் பஞ்சமில்லை. தட்டைகளுக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்த நம்ம தட்டுவடை செட்டுக்கு எங்கே போவது? தட்டுவடையை டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள். சட்னி மட்டும் வேண்டாம். ஒருமுறை என் பையில் கொட்டி, நான்கு பேருடைய டிக்கெட்டிலும் பச்சைக் கறை.