செம்பில் தண்ணீர் கேட்ட விதானையார்

அன்புள்ள ஐயா,

பொலிஸ் பயிற்சியில் ஆத்திரக்காரரைப் பேச்சால் தணிக்கப் பழக்கவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என் தங்கையின் மகன் பொலிஸில் சேர விண்ணப்பித்திருக்கிறான். வாசித்துவிட்டு அவனே சிரிக்கிறான். கசிப்பு வெறியில் கத்தியோடு நிற்பவனிடம் கதைத்துக்கொண்டிருந்தால் முதல் வெட்டு இவனுக்குத்தானே?

– ஒரு வாசகர், மல்லாவி

அன்புள்ள நண்பருக்கு,

மருமகனுக்கு வெட்டு விழக்கூடாது. அதிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவின் லூயிவில் நகரப் பொலிஸாருக்கு 2019இல் இப்பயிற்சியைக் கொடுத்து, சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். பலப்பிரயோகம் 28 வீதம் குறைந்தது. பொதுமக்கள் காயப்படுவது 26 வீதம் குறைந்தது, பொலிஸார் காயப்படுவது 36 வீதம். கூடுதலாகத் தப்பியது சீருடைக்காரர்தான். (அதே நகரில்தான் 2020 மார்ச்சில், நள்ளிரவு கடந்து கதவை உடைத்துப் புகுந்த பொலிஸார் பிரியோனா ரெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணைச் சுட்டுக் கொன்றார்கள். அதையும் மறைக்கக்கூடாது.)

கத்திக்காரனின் தோளில் கைபோட்டுக் கதைக்க யாரும் சொல்லவில்லை. எட்ட நிற்கவேண்டும். இடையில் வேலியோ வாகனமோ இருக்கவேண்டும். ஒருவர் மட்டும் கதைக்க, மற்றவர் விடுப்புப் பார்க்கும் சனத்தை விலக்கவேண்டும். கால்மணி நேரம் இழுத்தால் கத்தி பிடித்த கையும் உளையும். ஆனால் இதைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்க முடியாது. ஒருவர் வெறிகாரனாக நடிக்க, திரும்பத் திரும்பச் செய்து பழகவேண்டும்.

சிறுவயதில் எங்கள் விதானையாரைக் கண்டிருக்கிறேன். வேலிச் சண்டைக்குப் போனால் படலைக்கு வெளியே நின்று, கோடாலியோடு நிற்பவனிடமே, "தம்பி, சரியான வெயில், ஒரு செம்பு தண்ணி தா" என்பார். அவன் திரும்பி வரும்போது கையில் செம்பு இருக்கும், கோடாலி அடுப்படியில் கிடக்கும்.

அவரிடம் தமிழ் இருந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, சரி. ஆனால் சிங்களம் மட்டும் தெரிந்த இளம் பொலிஸ்காரர் ஒருவர் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைக்கு நடுவில் வந்து நின்றால், குரலை உயர்த்துவதைத் தவிர வேறென்ன செய்வார்? உங்கள் மருமகனுக்கு அந்தக் குறை இல்லை.

2016 ஒக்ரோபரில் கொக்குவில் குளப்பிட்டியில், மோட்டார் சைக்கிளில் போன யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸ் சூட்டுச் சம்பவத்தில் இறந்தார்கள். ஒருவர் கிளிநொச்சிப் பிள்ளை. மருமகன் பயிற்சிக்குப் போகமுன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இரவில் மறித்தும் நிற்காமல் ஒரு பெடியன் ஓடினால், வண்டி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு விட்டுவிடுவானா, இல்லையா?

அவன் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.