துணைக்கு இருப்பது

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதக் கட்டுரையில் ஷெவெட் அகீம் என்ற கிறிஸ்தவ அமைப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காஸாவிலும் ஈராக்கின் குர்து பகுதியிலும் இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைகளை இஸ்ரேலுக்கு அழைத்துப்போய் அறுவை சிகிச்சை செய்ய உதவுகிறார்கள் என்று. படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

ஒரு பக்கம் குண்டு போட்டுக் குழந்தைகளைக் கொல்கிறார்கள். இன்னொரு பக்கம் ஒரே ஒரு குழந்தையின் இதயத்தைத் தைத்துக் கொடுத்தால் அது கருணையா? இதை நீங்கள் எப்படிப் பாராட்டினீர்கள்? அடுத்தது, மதத்துக்காக வேலை செய்கிறவர்கள் சும்மா வருவார்களா? தூண்டிலில் புழு இருக்கத்தானே செய்யும். மூன்றாவது, ஒரு குழந்தையை நாடு விட்டு நாடு கொண்டுபோகிற செலவில் அங்கேயே பத்துப் பேருக்கு வைத்தியம் பார்க்கலாமே.

என் மனைவி சர்ச்சுக்குப் போகிறவள். அவர்கள் சபையில் இப்போது ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் ஆபரேஷனுக்குப் பணம் சேர்க்கிறார்கள். 10,000 ரூபாய் தரப்போகிறேன் என்கிறாள். உங்கள் கட்டுரையைத்தான் எனக்கு எடுத்துக் காட்டினாள். எங்கள் வீட்டில் இப்போது இதுதான் சண்டை. நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

கே., திருப்பூர்

*

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டுச் சண்டைக்கு என் கட்டுரை காரணமாகிவிட்டது என்பதால் பதிலைத் தள்ளிப்போடவில்லை.

உங்கள் முதல் கேள்வியில் நான் உங்கள் பக்கம்தான். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவில் செத்துப்போன குழந்தைகளுக்கு உலகத்தின் எந்த ஆபரேஷன் தியேட்டரும் ஈடு கட்ட முடியாது. பிழைத்த ஒரு குழந்தையின் படத்தைத் தூக்கிப் பிடித்து ‘பாருங்கள் எங்கள் மனசை’ என்று ஒரு அரசாங்கம் சொன்னால், அதைவிட அந்தக் குழந்தைக்கு வேறு அவமானம் கிடையாது. ஆனால் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறவரும், அந்தக் குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாலு ராத்திரி கண் விழித்தவரும் ஒரே ஆள் இல்லை. நான் எழுதியது இரண்டாவது ஆளைப் பற்றி. கட்டுரையில் அதை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது ஆளை நான் முதலில் பார்த்தது காட்பாடியில். என் பெரியம்மாதான் அது.

2012, ரம்ஜான் மாதம். வங்கதேசத்தில் ராஜஷாஹி பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் அவளுடைய தம்பியும் நாலு வயசுப் பையனோடு வேலூருக்கு வந்திருந்தார்கள். வேலூருக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ் போர்டுகளெல்லாம் வங்காளியிலும் இருக்கும். சமைத்துச் சாப்பிட அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். பெரியம்மா ஓய்வு பெற்ற டீச்சர், சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கம். வருகிற நோயாளிகளோடு பேசிப் பேசியே கொஞ்சம் வங்காளி கற்றுவைத்திருந்தார். நான் லீவுக்குப் போனவள், அவருக்குப் பை தூக்கினேன்.

அந்தப் பையன் பத்து அடி நடப்பான், குத்தவைத்து உட்கார்ந்துகொள்வான். எழுப்பினால் இன்னும் பத்து அடி, மறுபடி உட்காருவான். நடுரோட்டில், வெயிலில். பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். ஒரு தடவை கையைப் பிடித்து இழுத்தும்விட்டேன். அப்போதுதான் அவன் விரல் நுனிகளைப் பார்த்தேன். நகமெல்லாம் நாவல் பழம் தின்ற உதடு மாதிரி நீலம், நுனி உருண்டு தடித்திருந்தது.

1888இல் ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த கோளாறு அது. இதயத்தில் ஒரே சமயத்தில் நாலு குறை: கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் அடைப்பு, இடம் தள்ளி நிற்கும் பெருந்தமனி, தடித்துப்போன வலது கீழறை. ஆக்சிஜன் ஏறாத ரத்தமே பாதி உடம்புக்குள் சுற்றும். குத்தவைத்து உட்காரும்போது கால் பக்கம் போகிற ரத்தத்துக்குத் தடை கூடுகிறது, அதனால் நுரையீரல் பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தள்ளப்படுகிறது. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த உடம்பே கண்டுபிடித்த வைத்தியம். நான் அதைப் பிடிவாதம் என்று இழுத்திருக்கிறேன். இன்றைக்கும் அந்தக் கை உறுத்துகிறது.

பெரியம்மா செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். கடுகு எண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று காட்டினார். வெளிநாட்டவர் என்பதால் லாட்ஜில் பதிய வேண்டிய சி ஃபாரத்துக்கு அலைந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது, அந்நிய ஊரில் அவர்கள் யாரைத் தேடுவார்கள்? சர்ச்சிலிருந்து நாலு பையன்களைக் கூட்டிப்போனார். அந்த அம்மா நோன்பை விடவில்லை. பெரியம்மா அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, நோன்பு தொடங்குமுன் சாப்பிடுகிற சஹருக்குச் சோறும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போவார். வார்டில் நர்ஸ் கேட்பாரே, ‘துணைக்கு யாரும்மா இருக்கா?’ என்று. அந்தக் கேள்விக்கு ‘நான் இருக்கேன்’ என்று சொல்வதுதான் அவர் செய்த மொத்த வேலையும்.

இப்போது ஷெவெட் அகீமுக்கு வருகிறேன். 1994இல் எருசலேமில் தொடங்கிய அமைப்பு. பெயர் 133ஆம் சங்கீதத்தின் முதல் வசனம், ‘சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது’ என்று தமிழ் வேதாகமத்தில் வரும். எபிரேயத்தில் அந்த ‘ஷெவெட்’டுக்கு வசிப்பது என்றும் பொருள், உட்கார்ந்திருப்பது என்றும் பொருள். நம் தென் மாவட்டங்களில் வந்தவரை உட்காரச் சொல்ல ‘இருங்க’ என்போமே, அதே ‘இரு’. மருத்துவம் பார்ப்பது அவர்கள் இல்லை. அது ஹோலோன் நகரத்து வுல்ஃப்சன் போன்ற மருத்துவமனைகளின் வேலை. அங்கே 1995இல் அமி கோஹன் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய ‘சேவ் எ சைல்ட்ஸ் ஹார்ட்’ மத அமைப்பு அல்ல, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு இதய சிகிச்சை செய்யும் திட்டம். ஷெவெட் அகீமின் தொண்டர்கள் செய்வது துணைக்கு இருப்பதுதான்.

அது எவ்வளவு பெரிய வேலை என்று வழியைப் பார்த்தால் தெரியும். எல்லை திறந்திருந்த நாளில், காஸாவில் குழந்தைக்கு அனுமதி கிடைக்கும், கூட வர இளம் தாய்க்குக் கிடைக்காது. பாதுகாப்புக் காரணம் என்பார்கள். அதனால் பால்குடி மறக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாட்டி வருவாள். எரேஸ் எல்லையின் நீளமான கம்பிக் கூண்டுப் பாதையில் நடந்து வெளியே வந்தால், தெரியாத மொழி, தன் ஊரை முற்றுகையிட்டவர்களின் நாடு. 2020 மே மாதம் பாலஸ்தீன ஆணையம் இஸ்ரேலோடு ஒத்துழைப்பை நிறுத்தியபோது, அந்த அனுமதித் தாள் நகராமல் நோயாளிகள் மாட்டிக்கொண்டார்கள். இதய ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவைத்திருந்த குழந்தை செத்தது செய்தியாகவே வந்தது. 2023 அக்டோபருக்குப் பிறகு அந்த எரேஸ் வழியும் அடைபட்டது. காஸாவிலிருந்து சிகிச்சைக்காக வெளியேறக் காத்திருப்பவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது.

குர்து குழந்தைகளின் வழி வேறு. ஈராக்குக்கும் இஸ்ரேலுக்கும் உறவே கிடையாது. ஜோர்டான் தலைநகர் அம்மானுக்கு வந்து, ஆலன்பி பாலத்தில் யோர்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். கடந்ததும் எரிகோ. அங்கிருந்து எருசலேமுக்கு ஏறுகிற மலைப்பாதை. உங்கள் மனைவிக்கு இந்தப் பாதை தெரிந்திருக்கும். இயேசு சொன்ன உவமையில், எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போனவன் கள்ளர் கையில் அகப்பட்டு, நல்ல சமாரியன் தூக்கிப்போன அதே பாதை. சமாரியனும் யூதனும் ஆகாதவர்கள். அந்த உவமை நடந்த தடத்திலேயே ஒரு நீலக்குழந்தை மேலே ஏறிப்போவதை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

சரி, தூண்டில் கேள்வி. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷெவெட் அகீம்காரர்கள் தங்கள் விசுவாசத்தை மறைப்பதில்லை, அது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் ஐசியு வாசலில் உட்கார்ந்திருக்கும் தாயால் யாருக்கும் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாது. அது சுதந்திரமான மனசு இல்லை, கடன்பட்ட மனசு. அந்த நேரத்தில் அவளிடம் எதைக் கேட்டாலும் அது பறிப்பதுதான். வேலூரில் அந்த அம்மாவின் கையில் யாரோ ஒருவர் ஒரு சின்னப் புத்தகத்தைத் திணித்துவிட்டுப் போனார், பையன் வென்டிலேட்டரில் இருந்த அன்றைக்கு. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அதை அவளிடமிருந்து மெதுவாக வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் மொழியில் ஜெபித்தார்கள். ஒருத்தி ஆமென் என்றார், இன்னொருத்தி ஆமீன் என்றாள்.

தூண்டிலைவிட எனக்குப் பயம் புகைப்படத்தில்தான். நன்கொடை கொடுக்கிறவர்களுக்குக் குழந்தையின் முகம் வேண்டும், பெயர் வேண்டும், ஊர் வேண்டும். 2022 மே மாதம் ஈராக் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இஸ்ரேலோடு உறவை இயல்பாக்கும் எந்தச் செயலும் குற்றம், மரண தண்டனை வரை போகலாம். இஸ்ரேலிய மருத்துவமனைக் கட்டிலில் சிரிக்கிற குழந்தையின் படம், ஊர் திரும்பின அப்பனுக்கு என்ன ஆபத்தைக் கொண்டுவரும்? எவ்வளவு நல்ல மனசோடு போட்டாலும் போடக்கூடாது. உங்கள் மனைவியின் சபையில் அந்தக் குழந்தையின் முகத்தைத் திரையில் காட்டினார்களா என்று கேளுங்கள். காட்டினால், வேண்டாம் என்று அவர் அங்கே எழுந்து சொல்லலாம்.

செலவுக் கணக்கில் நீங்கள் ஜெயிப்பீர்கள். உள்ளூரிலேயே மருத்துவரை உருவாக்குவதுதான் சரியான வழி. ஹோலோனுக்குத் தான்சானியாவிலிருந்து மருத்துவர்கள் வந்து பல வருஷம் பயிற்சி எடுத்துத் திரும்பிப்போய் அங்கே ஆபரேஷன் செய்கிறார்கள். ஆனால் பெருந்தமனி இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களுக்குள் ஆபரேஷன் நடக்க வேண்டும். உள்ளூரில் ஒரு இதயப் பிரிவு எழும்பப் பத்து வருஷம் ஆகும். அதுவரை இந்தக் குழந்தைக்கு யார்?

உங்கள் கடிதத்தில் இல்லாத கேள்வி ஒன்று எனக்கு இருக்கிறது. பத்து வருஷம் கழித்து யார்? ஃபாலோ கோளாறைச் சரிசெய்த குழந்தைகளில் பலருக்கு, வளர வளர, நுரையீரல் வால்வு கசியும். பருவ வயதிலோ அதற்கு மேலோ புது வால்வு வைக்க வேண்டி வரும். வருஷா வருஷம் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லை மூடிவிட்டால் அதை எங்கே பார்ப்பது? காயம்பட்டவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததைத்தான் எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். மேலே செலவானால் ‘நான் திரும்பி வரும்போது’ தருவேன் என்று அவன் சொல்வதை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. 10,000 ரூபாயைக் கொடுக்கலாமா என்று கேட்டால், முதலில் உங்கள் மனைவி சபைக்காரர்களிடம் இதைக் கேட்கட்டும்: ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குழந்தையை யார் பார்க்கப்போகிறார்கள், எந்த ஊரில், எத்தனை வருஷம்? பதில் வைத்திருந்தால் கொடுக்கட்டும். நீங்களும் கூடச் சேர்ந்து கொடுங்கள். பதில் இல்லையென்றால், அந்தப் பதிலை உண்டாக்கவே அந்தப் பணத்தைக் கேளுங்கள்.

அந்த ராஜஷாஹிப் பையனுக்கு இப்போது 17 வயது. ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பிய நாளில் காட்பாடி பிளாட்பாரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தான். அவன் அம்மா பின்னாலேயே போனாள், எங்காவது உட்கார்ந்துவிடுவான் என்று கையை நீட்டிக்கொண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள். வால்வு கசிகிறது, சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று கடைசித் தடவை சொல்லிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது, இந்திய விசா கொடுப்பது வெகுவாகக் குறைந்தது. மருத்துவ விசாவுக்கே திண்டாட்டம்.

பெரியம்மாவுக்கு 78 வயது. முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. போன வாரம் நான் போனபோது கூடத்தில் தரையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். டாக்டரின் கடிதம், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, விண்ணப்பத்தின் நகல். போனில் அந்தப் பையனின் மாமா. பெரியம்மா வங்காளியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரிப் பதிவு எண்ணை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று.

அன்புடன்,
அக்கா