429 கோடிச் சொச்சம்: பகா எண்ணா, பகு எண்ணா?

கேள்வி: 4,29,49,67,297 என்ற எண்ணை 100-க்குள் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் மீதியின்றிப் போகவில்லை. பகா எண் என்றே எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இதன் வர்க்கமூலம் 65,536-ஐ மயிரிழையில் தாண்டுகிறது. அதுவரை 6,542 பகா எண்கள் உள்ளன. நீங்கள் பார்த்தது 25தான்.

மிச்சத்தையும் வகுக்கச் சொல்லவில்லை. இந்த எண் எப்படி உருவானது என்று பாருங்கள்: 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. 3, 5, 17, 257, 65,537 என்ற ஃபெர்மா எண்களின் (2-இன் 1, 2, 4, 8, 16 என இரட்டிப்பாகும் அடுக்குகளோடு 1 கூட்டியவை) வரிசையில் ஆறாவது. முதல் ஐந்தும் பகா எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவே நம்பினார். 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார்.

இதன் பகாக் காரணி எதுவானாலும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். (ஆய்லர் நிறுவியது 64-க்கு, அதை 128 ஆக்கியவர் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா.) அப்படியானால் 129, 257, 385, 513, 641 என்று போகலாம். 129, 385, 513 பகா எண்களே அல்ல. 257 இன்னொரு ஃபெர்மா எண். இரு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது. ஆக, முதலில் சோதிக்க வேண்டியதே 641தான்!

பத்து இலக்க எண்ணை நேராக வகுக்கவும் வேண்டாம், மீதியை மட்டும் வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள். 2-இன் 16-ஆம் அடுக்கு 65,536; அதில் 641 × 102 = 65,382 போக மீதி 154. 154-இன் வர்க்கம் 23,716; அதில் 641 × 36 = 23,076 போக மீதி 640. அதுதான் 32-ஆம் அடுக்கின் மீதி. 1 கூட்டினால் 641, அதாவது மீதி பூஜ்யம்.

ஈவு 67,00,417. பலரும் இதைச் சோதிக்காமலே பகா எண் என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். இதன் வர்க்கமூலம் சுமார் 2,588. 641-க்குக் கீழே காரணி இல்லை என்று பார்த்தாயிற்று; இதன் காரணி எதுவும் உங்கள் எண்ணுக்கும் காரணியே என்பதால், 641 முதல் 2,588 வரை 128-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்களைப் பார்த்தால் போதும்; அவை 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 44, 120, 334, 622. எனவே 67,00,417 பகா எண்தான். உங்கள் எண்ணுக்கு வகுத்திகள் நான்கு: 1, 641, 67,00,417, அந்த எண்ணே.

கேள்வி: இதே எண்ணைக் கம்ப்யூட்டர் நிரலில் கொடுத்தால் 1 என்று காட்டுகிறதே?

பதில்: குறியற்ற (எதிர்ம எண்கள் கொள்ளாத) 32 பிட் மாறியில் வைத்திருப்பீர்கள். அதில் அதிகபட்சம் 4,29,49,67,295 வரைதான் அடங்கும். அடுத்தது 0, அதற்கடுத்தது 1. 64 பிட் மாறிக்கு மாற்றுங்கள். இன்னொன்று: 2-ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனை (அடிமானத்தை, எண்ணைவிட 1 குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) செய்தால் இந்த எண் பகா எண் போலவே தேறிவிடும். 3-ஐ வைத்தால் மாட்டிக்கொள்ளும்.