அடைப்பே இல்லை, அப்புறம் எதற்கு மாத்திரை?

கேள்வி: அப்பா இறந்த 3ஆம் நாள் அம்மாவுக்கு (வயது 63) நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். ஹார்ட் அட்டாக் என்று ஆஞ்சியோ செய்தார்கள், அடைப்பு இல்லை. எக்கோவில் பம்பிங் (இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு) 35 சதவீதம்தான், இது 'டாகோட்சுபோ' என்றார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். அடைப்பு இல்லையென்றால் மாத்திரை எதற்கு, நிறுத்திவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். 16ஆம் நாள் காரியத்தில் அம்மாவை உட்கார வைக்கலாமா? - வாசகி, திருநெல்வேலி

பதில்: மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ரத்தக்குழாய் நன்றாக இருக்கிறது, ஆனால் இதயத் தசை அடிபட்டிருக்கிறது. பெரிய துக்கத்தில் உடம்பில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாயும்போது, பெரும்பாலும் இதயத்தின் நுனிப்பகுதி சுருங்க முடியாமல் பலூன் மாதிரி உப்பிவிடுகிறது, இதுதான் டாகோட்சுபோ. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். 2004இல் அங்கே நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது இந்த நோயாளிகள் சட்டென்று கூடினார்கள். பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்களே அதிகம்.

நல்ல செய்தி, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பம்பிங் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அதுவரை ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. நுரையீரலில் நீர் கோக்கலாம், துடிப்பு தாறுமாறாகலாம், அசையாத நுனியில் ரத்தம் உறைந்து அந்தக் கட்டி மூளைக்குப் போகலாம், அதனால்தான் சிலருக்குச் சில மாதங்கள் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தருகிறார்கள். இதற்கென்றே தனி மருந்து கிடையாது. 1,750 நோயாளிகளைப் பார்த்து 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மருந்துகளைச் சாப்பிட்டவர்கள் ஓராண்டில் உயிர் பிழைத்திருந்தது கூடுதலாக இருந்தது, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துக்கு அப்படித் தெரியவில்லை. அதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், துடிப்பு, பிரஷர் என்று வேறு காரணத்துக்குத் தந்திருப்பார்கள். அடுத்த எக்கோவைப் பார்த்துவிட்டு டாக்டர் முடிவெடுக்கட்டும்.

தினமும் காலையில் எடை பாருங்கள், உப்பைக் குறையுங்கள். எடை திடீரென்று ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மறுபடி நெஞ்சு வலி வந்தால் 'போன தடவையும் அடைப்பில்லையே' என்று ஓமவாட்டர் கொடுத்துக்கொண்டு உட்காராமல் 108ஐ அழையுங்கள். இதுவா, உண்மையான அட்டாக்கா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது, ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும்கூட இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்.

காரியத்துக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சரி என்றால் அம்மா கட்டாயம் இருக்கட்டும், தரையில் வேண்டாம், நாற்காலியில், ஹோமப் புகைக்குத் தள்ளி, பட்டினி இல்லாமல், மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொண்டு. அழுதால் அழட்டும், தடுக்காதீர்கள். இத்தனை வருஷம் கூட இருந்தவர் போயிருக்கிறார், அம்மாவை ஒதுக்கி உட்கார வைப்பது வேறு ஒரு துக்கம். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவும் இந்தச் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

கேள்வி: சந்தோஷத்தாலும் இது வருமாமே? ஆண்களுக்கு வராதா? - வாசகர், மதுரை

பதில்: இரண்டுமே உண்டு. பேரன் பிறந்த செய்தி, எதிர்பாராத பிறந்தநாள் விருந்து என்று மகிழ்ச்சியில் வந்தவர்களும் இருக்கிறார்கள், எண்ணிக்கைதான் மிகக் குறைவு. ஆண்களுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன், கடும் தொற்று, ஆஸ்துமா போன்ற உடல் நெருக்கடியில் வருகிறது, வந்தால் பெண்களைவிடத் தீவிரமாக இருப்பதும் உண்டு.